ஓட்டையில்லாத தொட்டி

முத்தாரம்மாளுக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். பாத்திரத்தை வைக்கிற சத்தம் மட்டும் கூடும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அவள் புருஷன் பிச்சைக்கனி வீட்டில் உட்காரலாமா, டீக்கடைப் பக்கம் நழுவலாமா என்று முடிவு செய்வான்.

இரண்டு பேரும் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குக் கட்டட வேலைக்கு வந்தவர்கள். வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அவள் சாந்துச் சட்டி சுமந்தாள். அவன் கொத்தனாருக்குக் கையாள். முழங்கால் போன பிறகு அவன் தம்பானூரில் ஒரு ஓட்டலில் மாவு ஆட்டப் போனான். அவள் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி மூலமாக ஆபீஸ்களில் துப்புரவு வேலைக்குப் போனாள். ஆரியசாலையில் மொத்தக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தார்கள். ஆறு வீடு, ஒரு குழாய்.

கடைசியாக அவளை அனுப்பிய இடம் தம்பானூரில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி. கனடாவுக்கும் அயர்லாந்துக்கும் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு விசா வாங்கிக் கொடுக்கிற ஆபீஸ். முதலாளி எர்ணாகுளத்தில் இருந்தார். இங்கே எல்லாம் மானேஜர் சுதீஷ்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். வருகிறவர்களிடம் தேனாகப் பேசுவான். முத்தாரம்மாளிடம் பேசும்போது மட்டும் கண் செல்போனிலேயே இருக்கும்.

ஆபீஸ் திறந்த அன்றைக்கு முதலாளியின் அப்பா ஒரு செடி கொடுத்திருந்தார். ஜேட் செடி என்று சொன்னார்கள். தன் வீட்டு மொட்டை மாடியில் அவர் பதினோரு வருஷம் வளர்த்ததாம். இரண்டடி உயரம் இருக்கும். அடிமரம் கைமுட்டி பருமன். இலைகள் புளியங்கொட்டையை ஊதிப் பெரிதாக்கியது போலத் தடித்துப் பளபளவென்று இருந்தன. அந்தப் பெரியவர் அடுத்த வருஷமே இறந்துபோனார். செடி வரவேற்பறையில் கண்ணாடித் தடுப்புக்குப் பக்கத்தில், நேராக ஏசி காற்று அடிக்கிற இடத்தில் நின்றது. அது வந்த மண்தொட்டி ஆபீசுக்குப் பொருந்தவில்லை என்று சுதீஷ் சமீபத்தில்தான் ஒரு நீலப் பீங்கான் தொட்டி வாங்கி அதில் மாற்றினான். அந்தத் தொட்டிக்கு அடியில் ஓட்டை கிடையாது. தரை நனையக் கூடாதே என்று தேடிப் பிடித்து வாங்கியது அது.

முத்தாரம்மாள் செடி கொடி என்று உருகுகிறவள் இல்லை. வீட்டில் ஒரு துளசிகூட வைத்ததில்லை. ஆனால் அவள் பிறந்தது தேரிக்காட்டு ஓரம். செம்மணலில் கள்ளியும் கற்றாழையும் பிரண்டையும் தவிர வேறு எதுவும் தானாக நிற்காத பூமி. சதை பிடித்த இலையைப் பார்த்ததும், இது தண்ணீரை உள்ளே சேர்த்து வைத்துக்கொள்கிற சாதி என்று அவளுக்குத் தெரியும். அதனால் தினமும் காலையில் ரிசப்ஷனில் இருக்கிற சிஜி ஒரு பாட்டில் தண்ணீரை அதன் தலையில் கவிழ்ப்பதைப் பார்த்தபோது அவளுக்குச் சுருக்கென்றது.

சிஜி பாறசாலைப் பெண். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம். முத்தாரம்மாளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். தினமும் ஊற்றச் சொல்லி சாரின் உத்தரவு என்றாள். வருகிறவர்கள் வேறு குடித்து மீந்த டீயை அதில் ஊற்றினார்கள். ஆபீசில் ஒருத்தர் தினமும் பபிள்கம்மை அந்த மண்ணில்தான் புதைத்தார். இரண்டு மாசத்தில் இலைகள் மஞ்சளாகி, தொட்டால் கொழகொழவென்று, ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தன. அடிக்கொம்புகளில் பஞ்சு ஒட்டியது போல மாவுப்பூச்சி ஏறியது.

உதிர்ந்த இலைக்குத் திட்டு வாங்கியது முத்தாரம்மாள். பெருக்கி முடித்துப் பத்து நிமிஷத்தில் இன்னும் நாலு விழும். கண்ணாடி அறைக்குள்ளிருந்து சுதீஷ் விரலைச் சொடுக்கித் தரையைக் காட்டுவான். ஒருநாள் அவள் அவனிடமே போய்ச் சொன்னாள். தண்ணீரை நிறுத்துங்கள், ஜன்னல் பக்கம் வையுங்கள், அடியில் ஓட்டை உள்ள தொட்டிக்கு மாற்றுங்கள். தனக்குத் தெரிந்த மலையாளத்தில் சுருக்கமாக, மரியாதையாகத்தான் சொன்னாள். அவன் தலையைத் தூக்கவில்லை.

"சேச்சி கிளீனிங் மாத்திரம் நோக்கினால் மதி."

துடைக்கிற வேலையை மட்டும் பார் என்று அர்த்தம். அவள் வெளியே வந்து வாளியை வைத்த சத்தத்தில் சிஜி திரும்பிப் பார்த்தாள்.

மே மாசக் கடைசியில், இடவப்பாதி என்கிற பருவமழை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னால், அந்தச் செடி சாய்ந்தது. காலை பத்தரை மணி. இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளோடு காத்திருந்தன. யாரும் தொடவில்லை. தானாகவே அடிமரம் மடிந்து, தலை முழுவதும் சோபாவின் கைப்பிடியில் வந்து விழுந்தது. சாக்கடை நாற்றம் அடித்தது. ஒரு அம்மா மூக்கைப் பொத்தினார். சுதீஷ் அறையிலிருந்து ஓடி வந்தான். வந்தவன் முத்தாரம்மாளைப் பார்த்துத்தான் கத்தினான். நாள் முழுவதும் இங்கே சுற்றிச் சுற்றி வருகிறாயே, ஒரு செடியைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா, முதலாளியின் அப்பா கொடுத்த செடி என்று தெரியுமா, முதலாளிக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று எல்லார் முன்னாலும் கேட்டான். காத்திருந்த அத்தனை கண்ணும் அவள் மேல் இருந்தன. அவளுக்குக் காது சூடானது.  அதை எடுத்துக் குப்பையில் போடு, தொட்டியைக் கழுவி வை என்றான். அந்தத் தொட்டியை அப்புறம் குடை வைக்கப் பயன்படுத்தினார்கள்.

மத்தியானம் கான்ட்ராக்ட் கம்பெனியின் சூப்பர்வைசர் சஜி வந்தான். ஒரு தாளை நீட்டி, அடையாள அட்டை புதுப்பிக்கிற விஷயம் என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்டான். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். மலையாளமும் இங்கிலீஷும் வாசிக்கத் தெரியாது. கையெழுத்துப் போட்டாள். சஜி அதற்கு ஒரு நகலையும் கொடுத்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் கறுப்புப் பையில் செடியைத் திணித்து மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது சிஜி பின்னாலேயே வந்தாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நிறுத்தினாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"அக்கா, நீங்க எதுல கையெழுத்துப் போட்டிய தெரியுமா?"

அட்டைக்கு என்றாள் முத்தாரம்மாள். சிஜி அந்த நகலை வாங்கி வாசித்துச் சொன்னாள். ஆபீசின் விலை உயர்ந்த செடி, துப்புரவுப் பணியாளர் முத்தாரம்மாளின் கவனக்குறைவால் அழுகி முற்றிலும் செத்துவிட்டது. தன் தவறை அவர் ஒப்புக்கொள்கிறார். இது முதல் எச்சரிக்கை. இதே மாதிரி மூன்று தாள் சேர்ந்தால் கம்பெனி வேலையை விட்டு நிறுத்திவிடும். பிறகு வேறு எங்கேயும் அனுப்பாது.

இதை டைப் செய்தது யார் என்று முத்தாரம்மாள் கேட்டாள். சிஜி தாளைத் திரும்ப மடித்தாள். பிறகு, நான்தான் அக்கா, சார் சொல்லச் சொல்ல அடித்தேன் என்றாள்.

முத்தாரம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். தாளை வாங்கி இடுப்பில் செருகினாள். கீழே போய்க் குப்பைத் தொட்டி முன்னால் நின்றாள். பையைப் போடவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு ஆரியசாலைக்கு நடந்தாள். இரக்கத்தினால் இல்லை. செத்துவிட்டது என்று தாளில் எழுதியிருக்கிறார்கள், இது சாகக் கூடாது. அவ்வளவுதான் அவள் மனசில் இருந்தது.

வீட்டு வாசலில் சிமெண்டுத் தரையில் செடியைக் கொட்டினாள். வேர் கறுத்துக் கூழாகி, இழுத்தால் கையோடு வந்தது. அடிமரத்தில் பெருவிரலை வைத்து அழுத்தினாள். விரல் உள்ளே போனது. பிச்சைக்கனி எட்டிப் பார்த்துவிட்டு, செத்ததுக்கு வைத்தியம் பார்க்கப் போகிறாயா என்று கேட்டான். அவள் காய் நறுக்குகிற கத்தியைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அவன் டீக்கடைக்குப் போய்விட்டான்.

அடியிலிருந்து வெட்ட ஆரம்பித்தாள். வெட்டிய இடத்தைப் பார்த்தாள். நடுவில் பழுப்பாக வட்டம் இருந்தது. அழுகல் இன்னும் மேலே போயிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு விரற்கடை மேலே வெட்டினாள். அங்கேயும் வட்டம். மறுபடியும் கத்தியைத் துடைத்து வெட்டினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் சுதீஷுக்கு ஒரு வசவு. பதினோரு வருஷத்துக்கு மேல் வளர்ந்த மரம் துண்டு துண்டாகக் காலடியில் கிடந்தது. கடைசியில் உச்சியில் ஒரு கொம்பு மட்டும் உள்ளே சுத்தமான பச்சையாக இருந்தது. ஒரு சாண் நீளம், இரண்டு கிளை, ஏழு இலை. அந்த ஏழும் சுருங்கிப்போயிருந்தன. கொம்பில் ஒட்டியிருந்த மாவுப்பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுத்தாள். வெட்டுவாயில் மஞ்சள்பொடி வைத்து, பழைய பேப்பரில் கிடத்தி, அலமாரி மேல் வைத்தாள்.

பத்து நாள் அதை மண்ணுக்குக் காட்டவில்லை. வெட்டின வாய் காய்ந்து ஆறாமல் நட்டால் மறுபடியும் அழுகும். வெளியே மழை கொட்டியது. சுவரெல்லாம் ஓதம் ஏறியது, துவைத்த துணி நாலு நாள் காயவில்லை. அந்த ஈரத்தில் ஒரு வெட்டுவாய் எப்படிக் காயும்? அடுப்பு வேலை முடிந்ததும் கொம்பைப் பேப்பரோடு எடுத்து அடுப்புத் திண்டுக்குப் பக்கத்து வெதுவெதுப்பில் வைப்பாள். காலையில் வேலைக்குப் போகும்போது திரும்ப அலமாரிக்கு ஏற்றுவாள். பிச்சைக்கனி தெரியாமல் அதன்மேல் டவலைப் போட்ட அன்றைக்கு அவனுக்குச் சோறு தனியாகத்தான் கிடைத்தது.

அந்த நாட்களில் ஆபீசில் அவள் யாரோடும் பேசவில்லை. சிஜி டீ கொண்டுவந்து வைத்தால் அது ஆறிப்போய் அப்படியே இருக்கும். கையெழுத்துப் போட்ட தன் கை மேலேயே அவளுக்குக் கோபம் இருந்தது. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்து, ஒரு தாளைக் கொஞ்சம் பொறு, வாசித்துக் காட்டு என்று சொல்லத் தோன்றாமல் போயிற்றே என்று நினைக்கும்போதெல்லாம் துடைப்பத்தை இறுக்கிப் பிடித்தாள்.

வெட்டுவாய் வெள்ளையாக இறுகிய பிறகு மண் தயார் செய்தாள். சந்து முனையில் இடித்துப் போட்டிருந்த வீட்டிலிருந்து செங்கல் துண்டுகளை அள்ளி வந்து சுத்தியலால் கடலைப்பருப்பு அளவுக்கு உடைத்தாள். தேய்ப்புக் கடையில் கொஞ்சம் கரி. பருமணல் அவளுக்குப் பழக்கமான சரக்கு. வேலை நடக்கிற இடத்தில் பழைய மேஸ்திரி ஒருவர் இரண்டு கை அள்ளிக் கொடுத்தார். அதைச் சலித்துத் தூசியைக் கழித்தாள். மண் என்று பார்த்தால் ஒரு பிடிதான். சாலைக் கடைத்தெருவில் வாங்கிய சின்ன மண்தொட்டியில் ஓட்டையை ஆணியால் இன்னும் அகலமாக்கி, அதில் கொம்பை நட்டாள். தண்ணீர் ஊற்றவில்லை. வாரக்கணக்கில் ஒரு சொட்டுக்கூட இல்லை. பக்கத்து வீட்டு மாடம்மாள் பாவம் பார்த்து ஒரு குவளை தண்ணீரோடு வந்தபோது, ஊற்றினால் கையை ஒடிப்பேன் என்று சொல்லிவிட்டாள். மாடம்மாள் ஒரு மாசம் பேசவில்லை.

வெயில் அவர்கள் வீட்டுக்குள் வருவதே இல்லை. மழை ஓய்ந்த காலை வேளைகளில் காம்பவுண்டுச் சுவரின் மூலையில் ஒரு மணி நேரம் விழும். தொட்டியை அங்கே வைத்துவிட்டுக் குளித்து, சமைத்து, வேலைக்குக் கிளம்பும்போது உள்ளே எடுத்து வைப்பாள். ஜூலையில் ஏழு இலையில் மூன்று விழுந்துவிட்டது. மீதி நாலும் கிழவி கன்னம் மாதிரி சுருங்கின. ஒருநாள் கோபத்தில் அதைப் பிடுங்கி எறிந்துவிடலாம் என்று கொம்பைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. மெதுவாக இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். உள்ளே எதுவோ பிடித்துக்கொண்டிருந்தது. வேர் விட்டிருந்தது.

அன்றைக்குத்தான் முதல்முறையாக அரைக் குவளை தண்ணீர் ஊற்றினாள். ஓட்டை வழியாக வடிந்து சுவரில் ஒழுகுவதை நின்று பார்த்தாள். நாலு நாளில் இலைகள் நிமிர்ந்து கெட்டியாயின. ஆவணியில் கொம்பின் நுனியில் அரிசி அளவில் ஒரு ஜோடித் தளிர் வந்தது. ஓணத்துக்குள் மூன்று ஜோடி. விளிம்பில் சிவப்பு ஓடியது.

ஓணத்து லீவில் சிஜி ஒரு டப்பாவில் அடைப்பிரதமன் பாயசத்தோடு சந்துக்குள் வந்தாள். முத்தாரம்மாள் உள்ளே கூப்பிடவில்லை. வெளியே போகச் சொல்லவும் இல்லை. சுவர்மேல் இருந்த செடியைப் பார்த்ததும் சிஜிக்குப் புரிந்துவிட்டது. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள், கண் கலங்கினாள். தினமும் ஊற்றிக் கொன்றது நான்தானே அக்கா என்றாள். ஆமாம் என்றாள் முத்தாரம்மாள். சிஜி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். பிழைத்துவிட்டது என்று ஒரு வார்த்தை போட்டு அதைத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தாள். சுதீஷ் அதைப் பார்த்தான்.

நவம்பரில் ஆபீசின் ஆண்டு விழா. முதலாளி நேரில் வருகிறார். அப்பாவின் செடி எங்கே என்று அவர் முதலில் கேட்பார் என்று சுதீஷுக்குத் தெரியும். செத்துவிட்டது, துப்புரவுக்காரி கொன்றுவிட்டாள் என்று ஏற்கெனவே எழுதி அனுப்பியிருந்தான். இப்போது அதைப் பிழைக்க வைத்துவிட்டோம் என்று காட்டினால் நல்ல பேர் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தேங்காய் மண்டி வாசலில் காரை நிறுத்திவிட்டு, சந்துக்குள் கால் நனையாமல் தாண்டித் தாண்டி வந்தான்.

முதலில் சிரித்தான். சேச்சி பெரிய காரியம் செய்துவிட்டீர்கள், செடியைக் கொடுங்கள், காரில் கொண்டுபோகிறேன் என்றான். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அதில் எழுதியது பொய் என்று எழுதிக் கொடுத்தால் தருகிறேன் என்றாள். அவன் சிரிப்பு போய்விட்டது. அது ஆபீஸ் சொத்து, அனுமதி இல்லாமல் எடுத்து வந்தது திருட்டு, போலீசுக்குப் போனால் என்ன ஆகும் தெரியுமா என்று குரலை உயர்த்தினான். ஆறு வீட்டுக்காரர்களும் வெளியே வந்து நின்றார்கள். பிச்சைக்கனி அவள் தோளைத் தொட்டு, கொடுத்துவிடு, வம்பு வேண்டாம் என்று முணுமுணுத்தான். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். கோபத்தில் எப்போதும் அடைத்துக்கொள்கிற குரல் அன்றைக்கு அடைக்கவில்லை.

"செத்துப்போச்சுன்னு நீங்கதான எழுதி வாங்குனிய? செத்ததை எப்படி சார் திருடுவாங்க? அதைச் சொல்லிட்டுப் போங்க."

மாடம்மாள் வீட்டுப் பக்கமிருந்து யாரோ சிரித்தார்கள். சுதீஷ் திரும்பிப் போனான். செருப்பில் சேறு ஒட்டியிருந்தது.

விழா அன்றைக்கு முத்தாரம்மாள் தானாகவே செடியைத் தூக்கிக்கொண்டு போனாள். முதலாளி சுதீஷின் அறையில் உட்கார்ந்திருந்தார். கதவைத் தட்டாமல் போய் மேஜைமேல் மண்தொட்டியை வைத்தாள். பக்கத்தில் அந்தத் தாளை வைத்தாள். நடந்ததையெல்லாம் மலையாளத்தில், தடுக்கித் தடுக்கிச் சொன்னாள். வார்த்தை கிடைக்காத இடத்தில் தமிழைப் போட்டாள். சுதீஷ் குறுக்கே பேச வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள்.

முதலாளி தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பாவின் செடி இவ்வளவு உயரம் இருந்ததே என்று கையை உயர்த்திக் காட்டினார். இது அது இல்லை, எங்கேயோ நர்சரியில் வாங்கி வந்ததாக இருக்கும் என்றார். சுதீஷ் உடனே தலையாட்டினான். முத்தாரம்மாள் தொட்டியைப் பார்த்தாள். ஆறு மாசம். அடுப்புச் சூட்டில் காய வைத்தது, செங்கல் உடைத்தது, எல்லாம் நர்சரி என்று ஒரு சொல்லில் போய்விட்டது.

கதவருகே நின்றிருந்த சிஜி உள்ளே வந்தாள். 

"சார், அது இந்தச் செடிதான். நான் சாட்சி. தினமும் தண்ணி ஊத்தி அழுக வச்சது நான். ஊத்தச் சொன்னது சுதீஷ் சார். அக்கா வேண்டாம் வேண்டாம்னு சொன்னாங்க. இந்தத் தாளையும் நான்தான் அடிச்சேன்."

இதை அவள் மலையாளத்தில்தான் சொன்னாள். பிறகு முத்தாரம்மாளைப் பார்த்து அதையே தமிழில் இன்னொரு தரம் சொன்னாள்.  

முதலாளி நல்லவரும் இல்லை, கெட்டவரும் இல்லை. கீழே விழா காத்திருந்தது. தாளை எடுத்து இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டு, தீர்ந்தது என்றார். தீரவில்லை என்றாள் முத்தாரம்மாள். இது நகல், மூலம் கம்பெனியில் இருக்கிறது, எனக்கு எழுத்தில் வேண்டும் என்றாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு சுதீஷிடம் தலையை அசைத்தார். சுதீஷ் ஆபீஸ் தாளில் மூன்று வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினான். எழுதும்போது பேனா தாளைக் கிழித்துவிடும் போல இருந்தது. சிஜி அதை அவளுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். செடி செத்ததற்கும் இவருக்கும் சம்பந்தமில்லை, எச்சரிக்கை திரும்பப் பெறப்படுகிறது.

சொன்ன வாக்குப்படி செடியை விட்டுவிட்டு வந்தாள். ஓட்டை இல்லாத தொட்டிக்கு மாற்றக் கூடாது, வாரம் ஒரு தடவைக்கு மேல் தண்ணீர் கூடாது, ஜன்னலில் வைக்க வேண்டும் என்று மூன்று விரலை மடக்கிச் சொன்னாள். முதலாளி, அப்பாவின் செடி, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எல்லாரிடமும் பொதுவாகச் சொல்லிவிட்டு அன்றைக்கே எர்ணாகுளம் போய்விட்டார்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை. பதினோரு மணிக்கு வரவேற்பறையைத் துடைக்க வந்தவள் நின்றுவிட்டாள். செடி ஏசிக்குக் கீழே, பழைய இடத்திலேயே இருந்தது. மண்தொட்டி இல்லை. வெள்ளை வெளேரென்று புதிய பீங்கான் தொட்டி. தூக்கி அடியைப் பார்த்தாள். வழவழவென்று மூடியிருந்தது. மேலே அலங்காரத்துக்கு வெள்ளைக் கூழாங்கல் ஒட்டியிருந்தார்கள். அதன் இடுக்கில் தண்ணீர் தேங்கிப் பளபளத்தது. ஒரு இலை ஏற்கெனவே மஞ்சள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுதீஷ் ஒரு பையனின் பெற்றோரிடம் டொரண்டோவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். முத்தாரம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். கூழாங்கல்லை விரலால் பெயர்த்துத் தள்ளினாள். செடியை வேரோடு, பிடிமண்ணோடு உருவினாள். ஈர மண் மேஜையிலும் சோபாவிலும் தரையிலும் சிதறியது. காத்திருந்தவர்கள் காலை மடக்கிக்கொண்டார்கள். அவன் எழுந்து கண்ணாடிக் கதவைத் திறப்பதற்குள் அவள் முந்தானையில் செடியைப் பொதிந்துகொண்டு படியிறங்கிவிட்டாள். இத்தனை வருஷ வேலையில் தரையில் கிடந்த மண்ணை அள்ளாமல் அவள் போனது அன்றைக்கு மட்டும்தான்.

சூப்பர்வைசர் சஜி போன் செய்தான். இனி அந்த ஆபீசுக்குப் போக வேண்டாம் என்றான். நான் எப்போதோ அங்கிருந்து வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்தாள். பிச்சைக்கனி ஒரு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. போலீஸ் வருமா என்று சந்து முனையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். யாரும் வரவில்லை. செடி மறுபடியும் ஓட்டை உள்ள மண்தொட்டியில், சுவர்மேல் ஏறியது. ஒரு மாசம் சும்மா இருந்துவிட்டு, கரமனைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆடி மாசமும் மார்கழியும் அங்கே வேலை இருக்காது. மற்ற நாளில் இடுப்பு ஒடியும்.

போன மாதம் சிஜி வந்திருந்தாள். அவள் அந்த ஆபீசை விட்டுவிட்டாள். இப்போது பாறசாலையிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். சுதீஷ் அங்கேயேதான் இருக்கிறானாம். முத்தாரம்மாள் செடியைத் தூக்கிப்போன அடுத்த நாளே ஒரு நர்சரியிலிருந்து ஏறக்குறைய அதே மாதிரி ஒரு ஜேட் செடியை வாங்கி வைத்தானாம். முதலாளி வீடியோவில் பார்த்து, அப்பாவின் செடி நன்றாக வளர்ந்திருக்கிறதே என்றாராம்.

முத்தாரம்மாள் டீ போட்டுக்கொண்டிருந்தாள். டம்ளரைத் திண்டில் வைத்த சத்தத்தில் உள்ளே படுத்திருந்த பிச்சைக்கனி எழுந்து உட்கார்ந்தான்.

சிஜி தயங்கித் தயங்கி, என்மேல் இன்னும் கோபமா அக்கா என்று கேட்டாள். அன்றைக்கு அறையில் வந்து சாட்சி சொன்னதை முத்தாரம்மாள் மறக்கவில்லை. அந்தத் தாளை டைப் செய்ததையும் மறக்கவில்லை. இரண்டும் அவளுக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"இருக்கு" என்றாள். "டீயக் குடி."

குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று வெளியே மாடம்மாள் குரல் கொடுத்தாள். முத்தாரம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். சிஜி இன்னொரு குடத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.